மாத்திரை மணி

கனீஸ் பாத்திமா ஒரு இடத்தில் கால் ஊன்றி நின்றுவிட்டால் அவளை அசைக்க யாராலும் ஆகாது. மாடிக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே பாக்கியலட்சுமிக்கு அது தெரிந்துபோயிற்று. மாடிப்படியில் செருப்பு, பழைய பேப்பர், கால் உடைந்த நாற்காலி எதுவும் இருக்கக்கூடாது என்று வந்தவள் சட்டம் போட்டாள். வீட்டுக்காரி யார், குடித்தனக்காரி யார் என்று பாக்கியலட்சுமிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அவசரத்துக்கு எறங்கணும்னா கால்ல இடறும்க்கா."

"இந்த உப்பளம் ஏரியாவுல உனக்கு என்னாடி அவசரம் வரப்போவுது?"

கேட்டாளே தவிர, படியிலிருந்த பேப்பர் கட்டுகளை எடுத்துத் தன் வீட்டுக் கூடத்துப் பரணில் அடுக்கிக்கொண்டாள். எடைக்குப் போடலாம் போடலாம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. கட்டுகள் மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன.

கனீஸுக்கு ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க் வேலை. வருடத்துக்கு ஒருமுறை தீயணைப்புத் துறை ஆட்கள் அங்கே வந்து பயிற்சி கொடுப்பார்கள். டீச்சர்கள் எல்லாம் சிவப்பு வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் முன்வரிசையில் நின்று கேள்வி மேல் கேள்வியாய்க் கேட்டு அந்த ஆட்களைத் தொண்டை வற்ற வைப்பாளாம். வீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒப்பிப்பாள். பக்கத்து வீட்டு விக்ரம் அவளுக்கு 'ஃபயர் இஞ்சின்' என்று பெயர் வைத்தான். தெருவுக்கே அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று.

பாக்கியலட்சுமியிடமும் ஒரு பிடிவாதம் உண்டு. அது விளக்கு. காலையும் மாலையும் கூடத்துப் பூஜை அலமாரியில் காமாட்சி விளக்கை ஏற்றி, மணியடித்துக் கற்பூரம் காட்டினால்தான் அவளுக்கு மூச்சே சீராக வரும். எரிகிற விளக்கை அணைக்கிற பேச்சே கிடையாது. எண்ணெய் தீர்ந்து அதுவாக மலையேற வேண்டும். வெளியே கிளம்பினாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். வீட்டை இருட்டில் போட்டுப் பூட்டுவது அவளைப் பொறுத்தவரை பாவம். எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற கனீஸ் இந்த விஷயத்தில் மட்டும் அடக்கி வாசித்தாள். ஒரே ஒரு தடவை, "வெளிய போறன்னிக்கு எண்ணெய கொஞ்சமா ஊத்தலாமேக்கா" என்று சொல்லிப் பார்த்தாள். பாக்கியலட்சுமி பார்த்த பார்வையில் அப்படியே படியேறிவிட்டாள்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். வில்லியனூரில் ராஜவேலுவின் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். பாக்கியலட்சுமி வழக்கத்தைவிட முன்னதாகவே விளக்கேற்றி, திரும்பி வரும்வரை எரியட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டு, பட்டுப்புடவை சரசரக்கப் புருஷனின் ஸ்கூட்டரில் ஏறினாள். மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்த நேரத்தில் எதிர்வீட்டு ஆயம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உங்க வூட்ல பொக வருதுடி! சனம் பூரா கூடி நிக்குது. அந்த மாடிப் பொண்ணு கதவ ஒடைக்க வுடமாட்டேங்குது!"

எப்படி எழுந்தாள், எப்படி ஸ்கூட்டரில் ஏறினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வழியெல்லாம் காதில் ஆயம்மாவின் குரல்தான். கதவை உடைக்க விடவில்லை. என் வீடு எரிகிறது, கதவை உடைக்க விடவில்லை.

தெருவுக்குள் நுழையும்போது தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. நெருப்பு அடங்கி, ஜன்னல் வழியாகக் கறுப்பாய்ப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆயம்மா வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் கனீஸின் மாமனாரை உட்கார வைத்திருந்தார்கள். விக்ரம் கையில் கடப்பாரை. அவனைச் சுற்றி ஒரு கூட்டம்.

"நான் ஒரே போடுல ஒடைச்சிருப்பேன்க்கா. குறுக்க கைய விரிச்சிக்கினு நின்னுட்டாங்க. தள்ளுனா வுழுந்துடுவாங்களேன்னு வுட்டேன்."

"குடியிருக்கறவளுக்கு என்னா நஷ்டம்?" என்றாள் ஆயம்மா.

பாக்கியலட்சுமி நேரே கனீஸ் முன்னால் போய் நின்றாள். "ஏன்டி, எரியற வூட்டுக் கதவ மறிச்சிக்கினு நின்னியா நீ?"

கனீஸின் முகத்தில் கரியும் வியர்வையும் வழிந்தன. "ஆமாக்கா. உள்ள யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள். தெருவே ஏசிக்கொண்டிருந்தது, அவள் தலை குனியவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை.

உள்ளேயிருந்து வெளியே வந்த தீயணைப்பு அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றினார். "கதவ ஒடைக்க விடாம நிறுத்துனது யாரு?"

அத்தனை கைகளும் கனீஸைக் காட்டின. திருட்டுப் பயலைப் போலீஸில் ஒப்படைக்கிற வேகம் அந்தக் கைகளில் இருந்தது.

அதிகாரி அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல வேலை செஞ்சீங்கம்மா. காத்து கெடைக்காமத்தான் உள்ள தீ அமுங்கிக் கெடந்திருக்குது. அந்த நேரத்துல கதவத் தொறந்திருந்தா, தொறந்த ஆளு மொகத்துலயே அடிச்சிருக்கும். அப்புறம் அடுப்படி சிலிண்டர் வரைக்கும் போயிருக்கும். கரண்டு மெயினயும் நிறுத்திட்டு, பெரியவரயும் எறக்கிட்டு, எங்களுக்கும் போன் பண்ணிட்டுத்தான் வந்து நின்னிருக்காங்க. வேற என்ன செய்யணும் ஒரு மனுஷி?"

கடப்பாரை விக்ரமின் கையிலிருந்து மெதுவாகத் தரையில் இறங்கியது. தன் முகத்தைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சாயங்காலம் சாமி வெளக்கு ஏத்துனீங்களா?" என்று அதிகாரி அடுத்துக் கேட்டார். கையில் அவளுடைய காமாட்சி விளக்கு. கறுத்துப்போயிருந்ததே தவிர, நிமிர்ந்துதான் இருந்ததாம். அடியில் எண்ணெய்கூட மிச்சம் இருந்தது. திரி மட்டும் இல்லை. "எலிம்மா. எண்ணெயில ஊறுன திரின்னா அதுக்கு உசுரு. எரியறதோட இழுத்துக்கிட்டுப் பரணுக்கு ஓடியிருக்கு. அங்க ஒரே பேப்பரு. கேக்கணுமா?"

பாக்கியலட்சுமி பட்டுப்புடவையோடு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கரண்டு, பட்டாசு, எவன் கண்ணோ பட்டது என்று தெரு என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளுடைய விளக்கு. அவளுடைய பேப்பர். மேலே கனீஸ், அவள் புருஷன், மாமனார் என்று மூன்று உயிர்கள்.

அன்றைக்கே முதலியார்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தெருவே பக்கெட்டும் துடைப்பமுமாக வாசலில் நிற்கிறது. ஏசிய வாய்களுக்குப் பிராயச்சித்தம் வேண்டுமல்லவா? ஆயம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, சோப்புப் பவுடர் கரைத்த தண்ணீரைக் கூடத்துக் கிழக்குச் சுவரில் வீசிவிட்டாள். அடுத்த பக்கெட்டைத் தூக்குவதற்குள் மாடிப்படியிலிருந்து கனீஸ் ஓடிவந்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்க! யாரும் ஊத்தாதீங்க!"

"நேத்து கதவு, இன்னிக்குப் பக்கெட்டாடி உனக்கு?" என்றாள் ஆயம்மா. ஆனால் இந்த முறை வேறு யாரும் கனீஸை ஏசவில்லை. சுவரைப் பார்த்தார்கள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் கரி கரைந்து, கோடு கோடாகச் சுண்ணாம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவியது.

"இது அடுப்புக் கரி இல்லம்மா. சோபா, திரை, பிளாஸ்டிக்கு எல்லாம் எரிஞ்ச பிசுக்கு. ஈரம் பட்டா செவுத்துக்குள்ள பூந்துக்கும். மொதல்ல காய்ஞ்ச வாக்குலயே எடுக்கணும். அப்புறந்தான் தண்ணி." கையிலிருந்த முகக்கவசங்களை ஆளுக்கொன்றாக நீட்டினாள். "இதப் போடாம உள்ள வராதீங்க. ஒயர்மேன் பாத்துச் சொல்ற வரைக்கும் சுச்சு எதையும் தொடாதீங்க."

பக்கெட்டுகள் வெளியே போயின. ஸ்பான்ஜும் பிரஷும் வந்தன. ஒயர்மேன் மாடி லைனைச் சோதித்துக் கொடுத்த பிறகு, பள்ளிக்கூடத்துத் தூசி உறிஞ்சும் மிஷினைக் கனீஸ் பிரின்சிபாலிடம் பேசி வாங்கிவந்தாள். அவள் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்? கூரையில் ஆரம்பித்துச் சுவர் வழியாகக் கீழே வந்தார்கள். தெரு ஜனம் இரண்டு மூன்று நாள் ஆர்வமாய் வந்தது. பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டது. கனீஸ் மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருவாள், பழைய நைட்டியை மாட்டுவாள், தலையில் துணியை இறுக்கிக் கட்டுவாள், இறங்கிவிடுவாள். மார்க்கெட்டில் பெல்ட் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் அன்வருதீன், கடையடைத்து வந்ததும் ஏணியைப் பிடித்துக்கொள்வான்.

பாக்கியலட்சுமி தினமும் மாலையில் வந்தாள். ஆனால் கேட்டோடு சரி. வாசல்படியில் கால் வைத்தால் அந்த வாடை மூக்கில் ஏறும். உடனே உடம்பு வெடவெடவென்று நடுங்கும். ஆயம்மா வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். கனீஸ் ஒரு நாள்கூட உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. வேலையை மட்டும் கேட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். பீரோத் துணிகளைக் குவித்துப் போட்டு, கருகினது ஒரு பக்கம், புகை குடித்தது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னாள். அடுப்படியிலிருந்த அரிசி, பருப்பு, மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் குப்பைக்குக் கொண்டுபோனபோதுதான் பாக்கியலட்சுமி பதறினாள்.

"தீயே படாத அரிசியடி! தூக்கிப் போடறியே!"

"பொக குடிச்சிருக்குதுக்கா. வூட்ட காப்பாத்திட்டு வயித்தக் கெடுத்துக்கலாமா?"

பாக்கியலட்சுமி நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கை ஓயாமல், முகம் சுளிக்காமல் அந்தப் பெண் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் இருந்தால்கூட இப்படிச் செய்வாளா என்று தோன்றியது. ஊரில் வேறு வீடா இல்லை? அன்வருதீனே பார்க்கலாம் என்று சொன்னானாம். "கீழ் வூடு செத்துக் கெடக்கச்ச மேல எனக்கு எப்படிங்க சோறு எறங்கும்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள் என்று ஆயம்மா வந்து சொன்னபோது, பாக்கியலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எரிகிற அன்றைக்கு இவளைப் பார்த்து நான் என்ன கேட்டேன் என்று நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிந்தது.

ராஜவேலு இதையெல்லாம் வேறு மாதிரி பார்த்தார். கேட்டுக்கு வெளியே நாற்காலியில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுத் தரகர் கொளஞ்சி வந்து சேர்ந்தார். சென்னையில் ஒரு பார்ட்டி இருக்கிறது, இடித்துவிட்டு, பிரெஞ்சுக்காரர் வீடு மாதிரி மஞ்சள் பெயிண்ட் அடித்த கெஸ்ட் ஹவுஸ் கட்டப்போகிறார்கள், எரிந்த வீடு எரியாத வீடு எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான் என்றார்.

"நீ உள்ளயே போவமாட்டேங்குற. நான் மட்டும் இருந்துகினு என்னா பண்ணப்போறேன்? குடுத்துட்டு கலைவாணிகிட்டயே போயிடலாம்" என்றார் ராஜவேலு. கலைவாணி அவர்களின் ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள்.

கல்யாணமாகி வந்த வீடு. மகளைப் பெற்று வளர்த்த வீடு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது? கால் வைக்க முடியாத வீட்டை எப்படி வைத்துக்கொள்வது? தலையாட்டிவிட்டாள்.

கனீஸிடம் அவளே போய்ச் சொன்னாள், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கனீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். பிறகு பிரஷை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"இடிக்கப்போற வூட்ட எதுக்குடி தேய்க்கிற?"

"இடிக்கற வரைக்கும் வூடுதானக்கா."

பார்ட்டி வந்தது ஒரு சனிக்கிழமை மாலை. கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞன், காரை ஸ்டேடியம் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றே கொளஞ்சி வீட்டின் அகல நீளத்தைக் கைவீசி அளந்து காட்டினார். பீச்சுக்கு நடந்தே போய்விடலாம் என்றார். வெயிலில் நடந்து பார்த்தால் தெரியும். அட்வான்ஸை இன்றைக்கே வாங்கிக்கொள்வதா, திங்கட்கிழமையா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியலட்சுமி வழக்கமான நாற்காலியில், யாருடைய வீட்டைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது உள்ளேயிருந்து மணி கேட்டது.

அவளுடைய பூஜை மணி. அந்த நாதத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆனால் அடிக்கிற அடி இருக்கிறதே! கணகணகணவென்று மூச்சு விடாமல், பள்ளிக்கூடம் விட்டதுபோல ஒரு அடி. சாமி மணியை இப்படியா அடிப்பார்கள்? பாக்கியலட்சுமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கேட்டைத் திறந்தாள். வாசல்படி ஏறினாள். கூடத்தைக் குறுக்காகக் கடந்து மாடிப்படிப் பக்கத்துக் கதவுக்குப் போய் நின்றாள்.

தலையில் துணி, மூக்கில் கவசம், முழங்கையில் கரி. படியின் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டு கனீஸ் மணியை ஆட்டிக்கொண்டிருந்தாள். "மாமா! மாத்திரை!"

பாக்கியலட்சுமியைப் பார்த்ததும் அவள் கை அந்தரத்திலேயே நின்றுபோயிற்று. சண்டைக்குப் பயப்படாத பெண், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைபோல முழித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கை கழுவிட்டுத்தான் மணியத் தொட்டேன். மாமா கடியாரத்த நம்பறதில்ல. கீழ பாக்கியம் மணியடிச்சாத்தான் பிரஷர் மாத்திரை போடுவேன்னு அடம். இத்தன வருஷமா அப்படியே பழகிட்டாரு. இத்தன நாளும் கெஞ்சிக் கூத்தாடிப் போட வெச்சேன், இன்னிக்கு முடியவே முடியாதுன்னுட்டாரு. அதான் நானே..."

மேலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "கனீசு, இது அந்த மணி இல்லியே. நீ சும்மா ஏமாத்துற."

பாக்கியலட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் பீறிட்டுக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் அவள் சாமிக்கு என்று அடித்த மணியில் மேலே ஒரு மனுஷர் மாத்திரை போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார். அவளுக்குத் தெரியவே தெரியாது. மூக்கை உறிஞ்சியபோதுதான் உறைத்தது. வாடை இல்லை. சுவர்களுக்கு அடித்த பிரைமர் மணம்தான் லேசாக வந்தது. சுற்றிலும் பார்த்தாள். அவள் நின்றுகொண்டிருந்தது தன் வீட்டுக்குள்தான். கூடம் வெள்ளையாய், காலியாய், குளித்துவிட்டு உட்கார்ந்த பிள்ளைபோல இருந்தது. ஆயம்மா தண்ணீர் வீசிய கிழக்குச் சுவரில் மட்டும் கறுப்புக் கோடுகள் இன்னும் தெரிந்தன.

கையை நீட்டினாள். "குடு இப்படி."

மணியை வாங்கினாள். மூன்று தடவை நிதானமாகத் தட்டினாள். கொஞ்சம் இடைவெளி விட்டாள். பிறகு நீளமாக, இழுத்து அடித்தாள்.

மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பெரியவர் கேட்டார். "பாக்கியமா? வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன் பாய்! மாத்திரையப் போடுங்க!"

பின்னால் ராஜவேலு வாசல்படியில் நின்றிருந்தார். அவர் தோளுக்கு மேலாகக் கறுப்புக் கண்ணாடியும் கொளஞ்சியும் எட்டிப் பார்த்தார்கள். பாக்கியலட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவுங்கள அனுப்பிடுங்க. வூடு குடுக்கறதா இல்ல."

ராஜவேலு அவளையே பார்த்தார். உள்ளே நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார். கேட்டை நோக்கித் திரும்பினார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூடம் பெயிண்ட் அடித்துத் தயாராகிவிட்டது. பரண் இப்போது சுத்தமாகக் காலி. பேப்பர்காரர் மாதா மாதம் வருகிறார். காமாட்சி விளக்கைக் கனீஸே புளி போட்டுத் துலக்கிக் கொடுத்திருந்தாள். எலி நெருங்காதபடி அதற்குக் கண்ணாடிக் கூண்டு ஒன்றை அன்வருதீன் மார்க்கெட்டில் தேடிப் பிடித்து வாங்கிவந்தான். கிழக்குச் சுவருக்கு மட்டும் பெயிண்டர் எத்தனை தடவை அடித்தாலும் ஒரு மூலையில் கோடு லேசாகத் தலைகாட்டியது. ஆயம்மா வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருவாள்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள். ராஜவேலு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். பாக்கியலட்சுமி வாசல் கதவைப் பூட்டிவிட்டு இரண்டடி வந்தாள். நின்றாள். திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு அழகாய் எரிந்துகொண்டிருந்தது. தலையிலிருந்து ஒரு மல்லிகையைக் கிள்ளினாள். இத்தனை வயதுக்கு அவள் செய்யாத காரியம்.

"மேல ஆளுங்க இருக்காங்க தாயே. கொஞ்சம் மலையேறிக்க. வந்ததும் ஏத்திடறேன்."

பூவால் சுடரை மெல்ல அமர்த்தினாள். வெளியே வந்தபோது மாடிப்படி நடுவில் கனீஸ் நின்றிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். பாக்கியலட்சுமி இதுவரை யாரிடமும் கொடுக்காத வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து மூடினாள்.

"அவசரம்னா ஒடைக்க வேணாம் பாரு."

"மணி?"

"நீதான் அடிக்கணும். கெளம்பற வேகத்துல நான் இன்னிக்கு அடிக்கல, பெரியவரு மாத்திரை போடாம ஒக்காந்திருப்பாரு."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் மணிச் சத்தம் கேட்டது. கணகணகணவென்று அதே பள்ளிக்கூட மணி. ராஜவேலு வண்டியை மெதுவாக்கித் தலையைத் திருப்பினார். "யாரு வூட்லடி இப்படி அடிக்கறாங்க?"

"நம்ம வூட்லதாங்க" என்றாள் பாக்கியலட்சுமி. "நீங்க போங்க."